செந்தூல் மாடியில் சலாட்: விளக்கை மாற்றினோம், வாளியில் தண்ணீர் குறைந்தது

என்னைக் கூப்பிட்டது விளக்குக்காக அல்ல. "ஏர்கான் குளிரவே மாட்டேங்குது, வந்து பாருங்க தம்பி" என்றுதான் அந்த அக்கா போன் செய்தார். செந்தூலில் ஒரு பழைய கடைவீட்டின் மேல்மாடி. படியேறிக் கதவைத் திறந்ததும் நெடுஞ்சாலை விளக்கின் மஞ்சள் வெளிச்சம் கண்ணைக் கூச வைத்தது. கூடவே இட்லிப் பானையின் மூடியைத் திறந்தாற்போல ஒரு புழுக்கம். அந்தப் புழுக்கத்துக்கு நடுவில் வரிசை வரிசையாகப் பச்சைச் சலாட், அதாவது லெட்டூஸ் கீரை.

நான் இருபது வருஷமாகக் கோலாலம்பூரில் ஏர்கான் வேலை பார்ப்பவன். பயிரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அம்மா வீட்டு வாசலில் நின்ற கறிவேப்பிலைச் செடி அளவுக்குத்தான். ஆனால் பழைய விளக்கையும் எல்இடியையும் ஒரே அறையில், ஒரே மேசையில், ஒரே பயிரை வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு அமைந்தது. நடந்த மாற்றங்களில் ஒன்று என் பேச்சைக் கேட்டு நடந்தது. தப்பாகப் போனதும் அதுதான். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அறையும் பழைய விளக்குகளும்

கடைவீட்டு அமைப்பு இங்கே எல்லாருக்கும் தெரியும். அகலம் குறைவு, நீளம் அதிகம். முன் சன்னலை ஒட்டிப் பத்தடிக்குத்தான் பகல் வெளிச்சம் வரும். அதைத் தாண்டினால் நடுப்பகலிலும் சுவிட்சைத் தட்ட வேண்டியதுதான். அறையின் நடுவில் எட்டடிக்கு நாலடி மேசை, அதாவது ஒரு முழு பிளைவுட் பலகை அளவு, ஏறக்குறைய 3 சதுர மீட்டர். அதன் மேல் குழாய்களில் உரத் தண்ணீர் ஓட, அதில் வேர் நனைய சலாட் வளர்கிறது. சுவரோரம் இரண்டு இரும்பு ரேக்குகள், ஒவ்வொன்றிலும் மூன்று தட்டு. அவற்றில் சலாட் நாற்று, கோத்தமல்லி, கடுகு, வெந்தயம். கடுகும் வெந்தயமும் முளைத்துப் பத்து நாளில் கத்தரித்து விற்கும் மைக்ரோகிரீன் வகை. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இரண்டு மூன்று கடைகளுக்குப் போகிறது.

கேமரன் மலையிலிருந்து லோரி லோரியாகச் சலாட் வரும்போது இது எதற்கு என்று நானும் கேட்டேன். வேரோடு, உயிரோடு, பறித்த அன்றே வேண்டும் என்று கேட்கும் கடைகள் இருக்கின்றன என்றார் அக்கா. சரி, வியாபாரம் அவர்கள் பாடு.

அக்காவின் கணவர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், ஓய்வுபெற்ற வயர்மேன். வேலை பார்த்த இடத்தில் கழித்துப்போட்ட 400 வாட் சோடியம் விளக்கு இரண்டைக் கொண்டுவந்து மேசைக்கு மேல் தொங்கவிட்டிருந்தார். தெருக்கம்பத்தில் மஞ்சளாக எரியுமே, அதே இனம். ரேக்கில் தட்டுக்கு இரண்டாக 12 டியூப் லைட். மலாய்க்காரர்கள் கலிமந்தாங் என்பார்கள். 36 வாட் டியூப், பழைய இரும்பு சோக். எல்லாம் ஒரு நாளைக்கு 16 மணி நேரம் எரிந்தன.

விளக்கில் எழுதியிருக்கும் வாட்டை நம்பிக் கணக்குப் போடக்கூடாது. பிளக்கில் செருகும் வாட் மீட்டரை வைத்துப் பார்த்தேன். சோக்கும் சேர்ந்து ஒரு சோடியம் விளக்கு 440 வாட் இழுத்தது. டியூப் ஒன்றுக்கு 45. ஆக மேசைக்கு 880, ரேக்குகளுக்கு 540, மொத்தம் 1,420 வாட்.

இந்த இடத்தில் என் தொழில்காரனின் கண் வேறு மாதிரி பார்க்கும். விளக்குக்குள் போகிற மின்சாரம் அத்தனையும் கடைசியில் அறைச் சூடாகத்தான் முடிகிறது. வெளிச்சமாகப் போகும் பங்கும் இலையிலும் சுவரிலும் பட்டுச் சூடாக மாறிவிடும். செடி ஒளிச்சேர்க்கையில் பிடித்து வைப்பது மிகச் சொற்பம். ஏர்கான்காரர்கள் சூட்டை அளக்கும் அலகு பிடியூ. ஒரு வாட் என்றால் மணிக்கு 3.41 பிடியூ. 1,420 வாட் என்றால் 4,850 பிடியூ. அங்கே இருந்தது 1 எச்பி ஏர்கான், அதாவது ஏறக்குறைய 9,000 பிடியூ. பாதிக்கு மேல் விளக்கே தின்றுவிட்டது. மிச்சத்தில் தகரக் கூரையும், மேற்கு வெயில் படும் சுவரும், ஆட்களும். பிற்பகல் மூன்று மணிக்கு அறையில் 29 டிகிரி. சலாட் குளிர்ப் பிரதேசத்துச் செடி. சூடு கூடினால் நடுத்தண்டை நீட்டிப் பூக்கக் கிளம்பிவிடும், இலை கசக்கும். இங்கே இரண்டும் நடந்திருந்தன. அக்கா ஓர் இலையைக் கிள்ளிக் கொடுத்தார். வேப்பங்கொழுந்து தேவலை.

நான் செய்தது

ஏர்கான்காரனிடம் கேட்டால் ஏர்கானைத்தான் சொல்வான். 1.5 எச்பி போடுங்கள் என்றேன். இன்வெர்ட்டர் இல்லாத பழைய யூனிட் ஒன்று கைவசம் இருந்தது, 900 வெள்ளிக்கு (ரிங்கிட்) பேசி மாட்டிவிட்டேன். கழற்றிய 1 எச்பியை அண்ணன் தூக்கிப் போட மனமில்லாமல் துணி சுற்றிக் கீழே வைத்தார். அறை 25 டிகிரிக்கு வந்தது, சலாட்டும் தண்டு விடுவதை நிறுத்தியது. எல்லாருக்கும் சந்தோஷம். கரண்டு பில் வரும் வரை.

விளக்கைக் குறைக்க முடியுமா என்று அப்போது நான் கேட்கவே இல்லை. சூட்டை உள்ளே கொட்டுவதற்கு ஒரு மிஷின், அதை வெளியே அள்ளுவதற்கு இன்னொரு மிஷின் என்று இரண்டையும் ஓடவிட்டு, அள்ளுகிற மிஷினைப் பெரிதாக்கினேன். அவ்வளவுதான் நான் செய்த வேலை.

எல்இடி வந்த கதை

பில்லைப் பார்த்த அண்ணன் இணையத்தில் தேடி, 300 வாட் வெள்ளை எல்இடி பலகை இரண்டு வாங்கினார். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகு உள்ளது. ரேக்குகளுக்கு ஜாலான் பசாரில் 12 சாதாரண எல்இடி டியூப், 18 வாட். பலகைகள் 1,150 வெள்ளி, டியூப்கள் 180. தான் வயர்மேன் என்பதால் மாட்டும் கூலி மிச்சம்.

"எல்இடி சூடாகாது" என்று எல்லாரும் சொல்வார்கள். அது சரியில்லை. 300 வாட் எல்இடியும் 300 வாட் சோடியமும் அறைக்குள் கொட்டும் சூடு ஒன்றுதான். வித்தியாசம் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, ஒரே மின்சாரத்துக்கு எவ்வளவு ஒளித்துகள் வருகிறது என்பது. மின்சாரத்தை ஜூலில் அளப்பதுபோல ஒளித்துகளை மைக்ரோமோலில் எண்ணுவார்கள், பத்து லட்சம் மைக்ரோமோல் ஒரு மோல். இரும்பு சோக்கோடு வரும் 400 வாட் சோடியம் விளக்கு ஒரு ஜூலுக்கு 1 மைக்ரோமோல் கொடுத்தாலே பெரிது. பெரிய பசுமைக்குடில்களில் போடும் 1,000 வாட் மின்னணு சோக் வகை 1.7 வரை போகும், அதை மறுக்க முடியாது. இன்றைய நல்ல வெள்ளை எல்இடி 2.5ஐத் தொடுகிறது. இரண்டாவது, சூடு எந்தப் பக்கம் போகிறது என்பது. சோடியம் விளக்கு அகச்சிவப்புக் கதிராக நேரே கீழே இலை மேல் அடிக்கும். எல்இடியின் சூடு முதுகுப் பலகை வழியாக மேலே காற்றில் கலக்கும். இந்த இரண்டாவது வித்தியாசம்தான் பிறகு எங்களைப் படுத்தி எடுத்தது.

மாட்டிய பத்து நாளைக்கு அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. சலாட் அப்படி வளர்ந்தது. அப்புறம் ஒரு காலையில் போன். "குளிருது தம்பி, நல்லாவே குளிருது. ஆனா இலை ஓரமெல்லாம் கருகுது. கோத்தமல்லித் தட்டுல பஞ்சு மாதிரி ஏதோ பூத்திருக்கு."

கண் சொல்வதும் செடி சொல்வதும்

முதலில் வெளிச்சத்தை அளந்தோம். செடிக்கான ஒளியை அளக்கும் மீட்டர் விலை அதிகம். என்னிடம் இருந்தது லக்ஸ் மீட்டர். லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது என்பதன் அளவு. நம் கண்ணுக்குப் பச்சையும் மஞ்சளும் பிரகாசமாகத் தெரியும், சிவப்பும் நீலமும் மங்கலாகத் தெரியும். செடி அப்படிப் பார்ப்பதில்லை. 400 முதல் 700 நானோமீட்டர் வரை உள்ள ஒளித்துகள்களை எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளும். அதனால் விளக்குக்கு விளக்கு வகுக்கும் எண் மாறும். சோடியம் விளக்கின் கீழ் கிடைக்கும் லக்ஸை 82ஆல் வகுக்க வேண்டும், இந்த வகை வெள்ளை எல்இடிக்குச் சுமார் 68.

அண்ணன் சோடியம் விளக்குகள் இருந்தபோதே பென்சிலால் மேசையில் கட்டம் போட்டு அளந்து வைத்திருந்தார். வயர்மேன் அல்லவா. அப்போது சராசரி 17,200 லக்ஸ், அதாவது சதுர மீட்டருக்கு நொடிக்கு 210 மைக்ரோமோல். எல்இடிக்குக் கீழ் 29,000 லக்ஸ், அதாவது சுமார் 430. கண்ணுக்குக் கொஞ்சம் கூடினாற்போலத் தெரிந்தது, செடிக்கு இரண்டு மடங்காகியிருந்தது. 880 வாட்டுக்குப் பதில் 600 வாட் போட்டால் வெளிச்சம் குறையும், பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துத் திருகை முழுக்கத் திருப்பிவிட்டிருந்தார்கள்.

வெளிச்சமும் மழை மாதிரிதான்: தூறலின் வேகம் வேறு, நாள் முடிவில் அண்டாவில் சேர்ந்த தண்ணீர் வேறு. 210 மைக்ரோமோல் 16 மணி நேரம் விழுந்தால் ஒரு நாளைக்கு 12 மோல் சேரும். 430 என்றால் 25 மோல். சலாட்டுக்கு 12 முதல் 17 மோல் வரை போதும். உள்ளரங்கச் சலாட் வளர்ப்பில் பேர்போன அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம்கூட 17ஐத்தான் இலக்காக வைத்தது. அதுவும் மேலிருந்து காத்தாடி காற்று இலை மேல் விழும்படி ஏற்பாடு செய்தால். நாங்கள் காற்று இல்லாமல் 25 கொடுத்துக்கொண்டிருந்தோம்.

சரி, வெளிச்சத்தைக் குறைத்தால் முடிந்தது என்று இறங்கி வந்திருப்பேன். பின்சந்தில் வண்டியை எடுக்கப் போனபோதுதான் வாளியைப் பார்த்தேன்.

வாளி

ஏர்கானிலிருந்து இறங்கும் தண்ணீர்க் குழாய் பின்சந்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் விழும். அதில் அக்கா படிக்கட்டைக் கழுவுவார். சோடியம் விளக்கு காலத்தில் ஒரு நாளைக்கு இரண்டு வாளி நிறையும் என்று சொல்லியிருந்தார். அன்று மாலை அரை வாளிகூட இல்லை. செடி மாறவில்லை, அறை மாறவில்லை, மழைக்காலம் வேறு. அந்தத் தண்ணீர் எங்கே போயிருக்கும்? எங்கேயும் போகவில்லை, அறைக்குள்ளேயே இருக்கிறது.

திரும்ப மேலே போய் ஒரு மணி நேரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கம்ப்ரஸர் ஏழு நிமிஷம் ஓடும், நிற்கும். காத்தாடி மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். பதினைந்து நிமிஷம் கழித்துத் திரும்பக் கம்ப்ரஸர் கிளம்பும். ஈரப்பதமானி 87 காட்டியது.

காரணம் இதுதான். ஏர்கான் இரண்டு வேலை செய்கிறது: சூட்டை எடுக்கிறது, காற்றிலுள்ள ஈரத்தைக் குளிர்ந்த சுருளில் படியவைத்து வெளியே விடுகிறது. சுருள் நன்றாகக் குளிர்ந்து, தண்ணீர் முத்து முத்தாகச் சேர்ந்து, வழிந்து குழாய்க்கு வர நேரம் பிடிக்கும். சோடியம் விளக்கு இருந்தவரை சூடு அதிகம், கம்ப்ரஸர் நெடுநேரம் ஓடியது, ஈரமும் போனது. எல்இடி வந்து சூடு குறைந்ததும், நான் மாட்டிய 1.5 எச்பி அறையைக் கொஞ்ச நேரத்தில் குளிரவைத்துவிட்டு நின்றுவிடுகிறது. நின்ற பிறகும் காத்தாடி சுற்றுவதால் சுருளில் ஒட்டியிருந்த ஈரம் காய்ந்து அறைக்கே திரும்பி வருகிறது. குளிர்ந்த, ஈரமான, அசையாத காற்று. கோத்தமல்லித் தட்டில் பூஞ்சை வராமல் என்ன செய்யும்?

ஓரக் கருகலுக்கும் இதுவே காரணம். பெரும்பாலோர் அதை உரக் குறை என்றோ விளக்கு சுட்டுவிட்டது என்றோ நினைப்பார்கள். செடிக்குள் சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடு மட்டும்தான் மேலே ஏறும். இலை வழியே தண்ணீர் ஆவியாகி வெளியேறினால்தான் கீழிருந்து தண்ணீர் ஏறும். சலாட்டின் நடுவில் உள்ள இளங்குருத்து மூடிக்கிடப்பதால் அங்கே ஆவியாதல் ஏற்கெனவே குறைவு. காற்று ஈரமாக நின்றால் இன்னும் குறையும். உரத் தொட்டியில் சுண்ணாம்புச் சத்து எவ்வளவு இருந்தாலும் குருத்து நுனிக்குப் போய்ச் சேராது. இதற்கு மேல் 25 மோல் வெளிச்சத்தில் செடி ஓட்டமாக வளர்கிறது. வளர்ச்சி முன்னே போக, சத்து பின்னே நிற்க, நுனி கருகுகிறது.

சோடியம் விளக்கு இதில் ஒரு மறைமுக உதவி செய்துகொண்டிருந்தது என்பதை, தொடாமலே சூட்டை அளக்கும் வெப்பத்துப்பாக்கி காட்டியது. அண்ணன் ஆசைக்காக மேசையின் ஒரு பாதியில் பழைய விளக்கைத் திரும்ப மாட்டி எரியவிட்டார். அறைக்காற்று 25.5 டிகிரி. சோடியத்துக்குக் கீழ் இலை 28.5. எல்இடிக்குக் கீழ் இலை 25. அந்த 3 டிகிரிச் சூட்டில் இலை தானாகத் தண்ணீரை ஆவியாக்கிக்கொண்டிருந்தது. எல்இடி அந்த வேலையைச் செய்யாது. விளக்கு மாற்றுகிறவர்கள் பழைய ஏர்கான் செட்டிங்கையே வைத்திருப்பதால் வரும் கோளாறு இது. எல்இடிக்குக் கீழே அறையை 2 டிகிரி கூட்டி வைக்கலாம், இலைக்கு அது சூடே அல்ல. குளிர் நாட்டுக்காரர்கள் எழுதும்போது சோடியம் விளக்கின் சூடு பனிக்காலத்தில் அறையைச் சூடாக்கும் செலவைக் குறைக்கும் என்று அதை லாபத்தில் எழுதுவார்கள். நிலநடுக்கோட்டை ஒட்டி உட்கார்ந்திருக்கும் நமக்கு அந்தக் கணக்கு செலவுப் பக்கத்தில் வரும்.

திருத்தியது

முதல் வேலையாக என் 1.5 எச்பியைக் கழற்றினேன். துணி சுற்றிக் கிடந்த பழைய 1 எச்பியைச் சுத்தம் பண்ணி, குளிரூட்டும் கேஸ் பார்த்து, திரும்ப மாட்டினேன். கூலி வாங்கவில்லை, வாங்க முகமும் இல்லை. 900 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு யூனிட்டை எடுத்துக்கொண்டேன். அறைச் செட்டிங் 24லிருந்து 26. வெளிச்சத் திருகைக் குறைத்து இரண்டு பலகைக்கும் சேர்த்து 330 வாட்டில் நிறுத்தினோம். அப்போது மீட்டரில் 16,000 லக்ஸ், அதாவது 235 மைக்ரோமோல், நாளைக்கு 13.5 மோல். கவனியுங்கள், லக்ஸ் கணக்கில் இது பழைய சோடியத்தைவிடக் குறைவு. ஒளித்துகள் கணக்கில் கூடுதல். அண்ணன் இதை நம்ப இரண்டு நாள் எடுத்துக்கொண்டார்.

மேசையின் இரு முனையிலும் மேலிருந்து சாய்வாகக் காற்று விழும்படி இரண்டு சின்னக் காத்தாடி. வேகம் ரொம்ப வேண்டாம், இலை லேசாக நடுங்கினால் போதும். ஏர்கான் காத்தாடியைக் கம்ப்ரஸரோடு சேர்ந்து நிற்கும்படி மாற்றினேன்.

1 எச்பி இப்போது மெதுவாக, நீண்ட நேரம் ஓடுகிறது. ஒரு வாரத்தில் ஈரப்பதம் 70ஐ ஒட்டி வந்தது. கருகின இலை கருகினதுதான், அது ஆறாது. அந்த முறைச் சலாட் பாதி விலைக்குப் போனது. அடுத்த நாற்றில், ஓரிரண்டு செடியைத் தவிர, குருத்து சுத்தமாக வந்தது. கோத்தமல்லித் தட்டுப் பூஞ்சை காத்தாடி வைத்த பிறகு திரும்பவில்லை. ஆனால் அக்கா விதைப்பதையும் கொஞ்சம் ஐதாக்கினார், எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ரேக்குகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, அங்கே எந்தச் சிக்கலும் வரவில்லை. 36 வாட் டியூப் சுற்றிலும் எல்லாப் பக்கமும் வெளிச்சம் விடும். பாதி தட்டின் அடிப்பக்கத்துக்கும் சுவருக்கும்தான் போகும். எல்இடி டியூப் கீழ்ப்பக்கம் மட்டும் விடுவதால் பாதி வாட்டில் தட்டுக்கு ஏறக்குறைய அதே வெளிச்சம். மைக்ரோகிரீனுக்கும் நாற்றுக்கும் 'பயிர் விளக்கு' என்று பெயர் போட்டதைத் தேடிப் போக வேண்டாம். சமையலறையில் போடும் வெள்ளை டியூபே போதும்.

காசுக் கணக்கு

மின்சாரக் கம்பெனியான தெனாகா கடைகளுக்குப் போட்ட பழைய கட்டணத்தில் 200 யூனிட்டுக்கு மேல் யூனிட் 50.9 சென். 2025 ஜூலையில் கட்டண அமைப்பே மாறி, ஒரே பில்லில் பல கூறாகப் பிரித்துப் போடுகிறார்கள். ஒப்பிட வசதியாக எல்லாவற்றையும் 50.9 சென்னிலேயே போட்டேன்.

பழைய விளக்குகள் 1,420 வாட், 16 மணி நேரம், 30 நாள்: 682 யூனிட், 347 வெள்ளி. இப்போது பலகைகள் 330, டியூப்கள் 216, மொத்தம் 546 வாட்: 262 யூனிட், 133 வெள்ளி. விளக்கில் மட்டும் மாதம் 214 வெள்ளி குறைகிறது.

இதோடு நிறுத்துபவர்கள்தான் அதிகம். 874 வாட் சூடு உள்ளே வரவில்லை என்றால் அதை அள்ளவும் வேண்டாம். சாதாரண ஏர்கான் 3 வாட் சூட்டை வெளியேற்ற 1 வாட் மின்சாரம் எடுக்கும் என்று வைத்தால் 291 வாட், மாதத்துக்கு 140 யூனிட், 71 வெள்ளி. இரண்டும் சேர்ந்து 285. விளக்குக்குப் போட்ட 1,330 வெள்ளி ஐந்து மாதத்துக்குள் திரும்பிவிடும். அண்ணன் சோடியம் விளக்குகளைச் சும்மா வாங்கினார் என்பதைப் பல தடவை சொல்வார். சும்மா வந்த விளக்கு மாதம் எவ்வளவு வாங்கியது என்று நானும் பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

அக்காவின் தங்கை மகன் கொண்டுவந்த ஊதா விளக்கையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் '1000 வாட்' என்று கொட்டை எழுத்து. மீட்டரில் 108. பொய் அதோடு முடியவில்லை. அந்த ஊதா வெளிச்சத்தில் சலாட் கறுப்பாகத் தெரியும். மஞ்சள் பூத்த இலை எது, நல்ல இலை எது என்று பிரிக்க முடியாது. வெள்ளை ஈ உட்கார்ந்திருந்தது நான்கு நாள் யார் கண்ணிலும் படவில்லை. செடிக்குச் சிவப்பும் நீலமும் மட்டும் போதும், பச்சை வீண் என்று ஒரு பேச்சு உண்டு. மக்ரீ என்ற ஆய்வாளர் 22 பயிர்களை வைத்து அளந்து 1972லேயே வெளியிட்டார். பச்சை ஒளியையும் இலை நன்றாகவே பயன்படுத்துகிறது. வெள்ளை விளக்கில் வேலை பார்ப்பவர்களின் கண்ணுக்கும் நிம்மதி. ஊதா விளக்கு இப்போது அதைக் கொண்டுவந்த பையனின் அறையில் அலங்காரத்துக்கு எரிகிறது.

எல்இடிக்குக் குறையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை இடி எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு சாயங்கால இடியில் பலகை ஒன்றின் டிரைவர், அதாவது அதற்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பெட்டி, போய்விட்டது. இரும்பு சோக் அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது, அடித்தால் அடித்துக்கொள் என்று நிற்கும். இடித் தடுப்பு ஒன்றைப் பெட்டியில் அண்ணனே மாட்டினார், அதன் பிறகு தொல்லை இல்லை. ஆனால் கரண்டு ஒரு நொடி போய் வந்தால் சோடியம் விளக்கு சூடு ஆறும் வரை திரும்ப எரியாது, பல நிமிஷம் இருட்டுதான். எல்இடி அந்த நிமிஷமே எரியும்.

இந்தக் கணக்கு முழுவதும் சலாட்டுக்குத்தான். ஒரு பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, கங்கோங் கீரையை இதே மாதிரி விளக்கில் போடலாமா என்று கேட்டார். இங்கே வாசலில் வைத்தால் வெயிலிலும் மழையிலும் தானாக மண்டும் செடிக்கு விளக்கு வைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பது. கங்கோங், பயாம், சாவி என்ற இந்த ஊர்க் கீரைகள் எதற்கும் வேண்டாம்.

கழற்றின 12 டியூபையும் உடைந்துவிடாமல் அட்டைப் பெட்டியில் நிற்கவைத்துக் கட்டியிருக்கிறோம். உள்ளே பாதரசம், சோடியம் விளக்கிலும் கொஞ்சம் உண்டு. வீட்டுக் குப்பையோடு போடக்கூடாது, மின்கழிவு எடுக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். சோடியம் இரண்டையும் கொடுக்க அண்ணனுக்கு இன்னும் மனம் வரவில்லை.

அக்கா வாளியின் உள்பக்கம் கறுப்பு மார்க்கரால் கோடு போட்டு வைத்திருக்கிறார். காலையில் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். வணக்கம் கிடையாது, பசியாறியாச்சா கிடையாது. வாளி மட்டும், கோடு வரைக்கும் தண்ணீரோடு.